வீட்டைச் சுற்றிக் குட்டித் தவளைகள் பெருகிவிட்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வீட்டுப் பக்கம் தவளை அதிகமாகிவிட்டது என்றதும் பலரும் முதலில் தேடுவது "எதைத் தெளித்தால் ஓடும்" என்பதைத்தான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு: எங்கே தெரிகிறது, எந்த நேரத்தில், எந்த அளவில்? தவளை ஒரு வீட்டை நாடி வர மூன்றே காரணங்கள்தான். முட்டையிடத் தண்ணீர், தின்னப் பூச்சி, பகலில் உடம்பு காயாமல் ஒளிந்திருக்க ஈரமான நிழல். இந்த மூன்றில் எது உங்கள் வீட்டில் தாராளமாகக் கிடைக்கிறது என்பதை அறிகுறியே காட்டிக்கொடுத்துவிடும். அதைக் குறைத்தால் தவளையும் குறையும். அதை விட்டுவிட்டுத் தவளையை மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தால், காலியான இடத்தில் அடுத்தது வந்து உட்காரும்.

ஒன்றுகூட இல்லாமல் ஆக்கும் வழி இதில் இல்லை, நான் சொல்லவும் மாட்டேன். உலகத்தில் உள்ள தவளை, தேரை போன்ற நீர்நில வாழ்விகளில் பத்துக்கு நான்கு இனங்கள் அழியும் ஆபத்தில் இருக்கின்றன என்று 2023-ல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. தோட்டத்தில் தவளை கத்துவது நல்ல விஷயம். அது வெளியே நிம்மதியாக இருக்கட்டும், உள்ளே வராமல் இருக்கட்டும், நம் காலில் மிதிபடாமல் இருக்கட்டும். அவ்வளவு போதும்.

முதலில் எந்த வகை என்று பாருங்கள்

விரல் நுனியில் வட்டமான சிறு தட்டுகள் இருந்து, சுவரிலும் கண்ணாடியிலும் ஏறினால் அது மரத்தவளை. தோல் சொரசொரப்பாக, கண்ணுக்குப் பின்னால் இரண்டு புடைப்புகளோடு, தரையில் குட்டைக் குட்டையாகத் தத்தினால் தேரை. வழவழப்பான ஈரத்தோலும் நீண்ட பின்னங்காலும் இருந்து, ஆள் நிழல் பட்டதும் ஒரே தாவாகத் தண்ணீரில் விழுந்தால் நீர்த்தவளை. மரத்தவளை என்றால் ஜன்னலையும் மாடிக் குழாயையும் கவனிக்க வேண்டும். தேரை என்றால் கதவிடுக்கு. நீர்த்தவளை என்றால் பக்கத்திலேயே தண்ணீர் தேங்கியிருக்கிறது.

அறிகுறி: மழை விட்டதும் நகத்தளவுக் குட்டிகள் நூற்றுக்கணக்கில்

இதைப் பார்த்துத்தான் நிறைய பேர் பயந்துபோகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஏனென்றால் இது தானாக அடங்கிவிடும்.

ஒரு பெண் தேரை ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கரும்புத் தேரை எனப்படும் பெரிய இனம் எட்டாயிரத்திலிருந்து முப்பதாயிரம் வரைகூட இடுகிறது. ஒரே நாளில் இட்ட முட்டைகள் என்பதால் தலைப்பிரட்டைகள் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்து, ஒன்றாகவே கால் முளைத்து, ஈரமான ஒரு நாளில் மொத்தமாகக் கரையேறுகின்றன. ஒன்றாகக் கிளம்புவதில் அவற்றுக்கு லாபம் உண்டு. பறவையும் பாம்பும் எவ்வளவு தின்றாலும் சில மிஞ்சும். அப்படியும் பெரும்பாலானவை வளர்ந்து ஆளாவதற்குள் இறந்துவிடுகின்றன. இன்று வாசலில் பார்க்கும் கூட்டம் அப்படியே பெரிய தவளைகளாகி வீட்டைச் சூழ்ந்துகொள்ளப் போவதில்லை.

ஒரு குட்டியைக் குனிந்து பாருங்கள். பின்புறத்தில் கறுப்பாக ஒரு மொட்டை வால் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? இருந்தால் அது கரையேறி ஓரிரு நாள்தான் ஆகிறது, பிறந்த தண்ணீர் மிகப் பக்கத்தில் இருக்கிறது. அந்த வாலை உடம்புக்குள் கரைத்துக்கொண்டுதான் அந்தச் சமயத்தில் உயிர் வாழ்கிறது. வாய் தலைப்பிரட்டை வாயிலிருந்து தவளை வாயாக மாறிக்கொண்டிருப்பதால் தின்ன முடியாது. வால் முழுதும் மறைந்த குட்டிகள் என்றால் சற்றுத் தொலைவிலிருந்து கடந்துபோகிற கூட்டம். உங்கள் வீடு அவற்றுக்கு வெறும் வழிதான்.

இரண்டிலும் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றே. சில வாரங்களுக்குக் கதவடி இடுக்கை அடைத்து வையுங்கள், சுருட்டிய துணிகூடப் போதும். நிரந்தரமாக வேண்டுமானால் கதவின் அடியில் ரப்பர் பட்டை அடித்துவிடலாம். தரையோடு உரசுகிற மாதிரி இருக்க வேண்டும், ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் குட்டியும் நுழையும். அந்த நாட்களில் புல் வெட்டாதீர்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் நல்ல வெயில் நேரத்தில், முதலில் புல்லில் ஒரு நடை நடந்து கலைத்துவிட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வெட்டிக்கொண்டு போங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் நடுவில் மாட்டிக்கொள்ளும். வண்டியை எடுக்கும் முன் டயருக்கு அடியில் ஒரு பார்வை. உள்ளே வந்துவிட்ட குட்டிகளைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், தூசியும் தலைமுடியும் தோலில் ஒட்டிக் காய்ந்துவிடும். நனைத்த முறத்திலோ அட்டையிலோ ஏற்றிச் செடி நிழலில் விடுங்கள்.

அறிகுறி: இருட்டியதும் விளக்கடியிலும் ஜன்னல் கண்ணாடியிலும் கூட்டம்

காரணம் விளக்கு. தவளைக்கு வெளிச்சம் மேல் ஆசை இல்லை, வெளிச்சத்துக்கு வரும் பூச்சி மேல்தான். வெள்ளையும் நீலமும் கலந்த ஒளிக்குப் பூச்சி அதிகம் வரும், மஞ்சள் ஒளிக்குக் குறைவாக வரும். வாசல் விளக்கை மஞ்சள் எல்இடி ஆக்குங்கள், கதவுக்கு நேர் மேலே இல்லாமல் நாலடி தள்ளி வையுங்கள். ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்கு இன்னும் நல்லது. உள் விளக்கு வெளியே தெரியாமல் இருட்டியதும் திரையை இழுத்துவிடுங்கள். இதை மட்டும் செய்தாலே ஒரு வாரத்துக்குள் வித்தியாசம் தெரியும். தவளை விரட்டும் வேலைகளிலேயே மிகக் குறைந்த உழைப்பில் மிக நல்ல பலன் தருவது இதுதான் என்பேன்.

திரையை இழுப்பதற்கு முன், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மரத்தவளையின் அடிப்பக்கத்தை உள்ளிருந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தொண்டை படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். அதற்கு நெஞ்சை விரித்து மூச்சிழுக்க வராது, தொண்டையைப் பம்பாக்கித்தான் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. பூச்சியை விழுங்கும்போது இரண்டு கண்களும் மூடி உள்ளே இறங்கும். அந்தக் கண்கள்தான் இரையைத் தொண்டைக்குள் தள்ளுகின்றன. குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டிய காட்சி.

அறிகுறி: கமோடிலும் குளியலறையிலும் தவளை

தினமும் பிடித்து வெளியே விட்டும் மறுநாள் அங்கேயே இருந்தால், அது கதவு வழியாக வரவில்லை. கழிவுக் குழாயிலிருந்து மாடிக்குப் போகும் காற்றுக் குழாயின் வாய் திறந்திருக்கும். மரத்தவளைக்கு அது மேலிருந்து கீழே இறங்கும் ஈரமான நல்ல பாதை. வழியில் குழாய் வளைவில் நிற்கும் தண்ணீரையும் நீந்திக் கடந்து கமோடின் விளிம்புக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும். ஆஸ்திரேலியாவின் பச்சை மரத்தவளை இந்தப் பழக்கத்துக்காகவே பெயர்பெற்றது.

மாடிக் குழாயின் வாயில் துருப்பிடிக்காத கம்பி வலையைக் கட்டுங்கள். நைலான் கொசுவலை வெயிலில் சீக்கிரம் நைந்துவிடும். கண் ரொம்பச் சிறியதாக இருந்தால் தூசி அடைத்துக் காற்றுப் போகாமல் நாற்றம் வரும், அதனால் அரை சென்டிமீட்டர் கண் போதும். தரை வடிகாலுக்குத் திருகி மூடும் ஜாலி போடுங்கள். சும்மா மேலே வைத்த ஜாலியைத் தவளை தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஜன்னல், எக்சாஸ்ட் ஃபேன் ஓட்டை, ஏசி தண்ணீர்க் குழாயின் முனை ஆகியவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பிளஷ் செய்து அதைப் போக்க முடியாது, விளிம்பைப் பற்றிக்கொண்டு அங்கேயே இருக்கும். பிளீச்சிங் ஊற்றிக் கொல்லாதீர்கள். ஈரமான கையுறை போட்டுக்கொண்டு உள்ளங்கையைக் குவித்து எடுத்துவிடலாம். கையில் எடுத்ததும் தண்ணீராக எதையோ பீச்சினால் அருவருப்பு வேண்டாம். அது சிறுநீர்ப்பையில் சேமித்து வைத்திருந்த நீர், வறண்ட நாட்களில் அதற்கு அதுதான் இருப்பு.

அறிகுறி: பக்கத்தில் குளமும் இல்லை குட்டையும் இல்லை, ஆனாலும் தவளை

இதில் தேடல்தான் பாதி வேலை. டார்ச் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு முறை மெதுவாக வாருங்கள். பூந்தொட்டியின் அடித்தட்டு, கவிழ்க்காத வாளி, பழைய டயர், மேலே மூடிய தார்ப்பாயின் பள்ளம், இலை அடைத்த மழைநீர்க் கால்வாய், தண்ணீர் மீட்டர் குழி, ஏசி சொட்டும் இடம். கடைசியாகச் சொன்னது கோடையில் மிக முக்கியம். ஊரெல்லாம் காய்ந்திருக்கும்போது நாள் முழுக்க ஈரமாக இருக்கும் ஒரே ஓரம் அதுதான். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் குடிக்கக் குட்டை வேண்டியதில்லை, நனைந்த சிமெண்டுத் தரையே போதும்.

வாரம் ஒருமுறை இந்தத் தட்டுகளையும் வாளிகளையும் கவிழ்த்துவிடுங்கள். தலைப்பிரட்டை கரையேற ஒரு வாரம் பொதுவாகப் போதாது. கொசுவுக்கும் முட்டையிலிருந்து பறக்க வெயில் காலத்தில் ஏழு முதல் பத்து நாள் வேண்டும். ஒரே வேலையில் இரண்டும் அடங்கும். தலைப்பிரட்டையும் கொசுப்புழுவும் குழம்பினால், உருண்டைத் தலையும் வாலுமாகத் தண்ணீரில் நீந்துவது தலைப்பிரட்டை. நீரின் மேற்பரப்பில் தலைகீழாகத் தொங்கி, தட்டை அசைத்ததும் நெளிந்து நெளிந்து கீழே போவது கொசுப்புழு. தவளை இருந்தால் கொசுவே இருக்காது என்று நம்பித் தண்ணீரை விட்டுவைக்க வேண்டாம். தேரையின் வயிற்றில் பெரும்பாலும் எறும்பும் வண்டும்தான் போகிறது.

தண்ணீரில் முட்டையே இடாத தவளைகளும் உண்டு. ஈர இலைகளுக்கு நடுவில் முட்டையிட்டு, தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் நேராகக் குட்டியாகப் பொரிபவை. கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் கோக்கி என்ற சிறு தவளை அப்படிப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் செடிகளோடு ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்து அங்கே தீராத தொல்லையாகிவிட்டது. வெளியிலிருந்து வாங்கி வந்த செடிகளுக்குப் பிறகுதான் தவளை வந்தது என்றால் தொட்டி மண்ணையும் இலை தண்டோடு சேரும் இடுக்குகளையும் பாருங்கள்.

அறிகுறி: தண்ணீர்த் தொட்டியில் தலைப்பிரட்டை, அல்லது சுவரில் வெள்ளை நுரை

தொட்டியின் உள்சுவரிலோ தண்ணீருக்கு மேலே நீட்டியிருக்கும் கிளையிலோ சோப்பு நுரை மாதிரி ஓர் உருண்டை ஒட்டியிருந்தால், அது சில மரத்தவளை இனங்கள் கட்டும் கூடு. உள்ளே முட்டைகள் இருக்கும். பொரிந்ததும் குஞ்சுகள் நேராகக் கீழே தண்ணீரில் விழும். நுரை ஈரமாக இருக்கும்போதே ஓர் அட்டையால் மெதுவாக வழித்தெடுத்து, வேறு தேங்கிய நீரின் மேல் நிழலான இடத்தில் வைத்துவிடலாம்.

குடிக்கும், சமைக்கும் தண்ணீர் என்றால் தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டுவிட்டுத்தான் மறுபடி நிரப்ப வேண்டும். தலைப்பிரட்டைகளை மட்டும் வலையால் எடுத்துவிட்டு அதே தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். மூடி சரியாக உட்காருகிறதா, ஓவர்ஃப்ளோ குழாயில் வலை இருக்கிறதா என்று பாருங்கள். அனேகமாக அந்த ஓவர்ஃப்ளோ குழாய்தான் வாசல். நீச்சல் குளமாக இருந்தால் ஓரத்தில் சாய்வாக ஒரு பலகையை விடுங்கள். வழவழப்பான சுவரில் ஏற முடியாமல் விடிவதற்குள் செத்துப்போகிற தவளைகள் அதில் ஏறித் தப்பித்துவிடும்.

அறிகுறி: இரவெல்லாம் சத்தம், தூக்கம் இல்லை

கத்துவது ஆண்கள், பெண்ணை அழைக்க. மழைக்குப் பிந்தைய சில இரவுகள்தான் உச்சம், பிறகு தணியும். கோக்கியின் ஆண் சுமார் மூன்றரை சென்டிமீட்டர்தான், ஆனால் அரை மீட்டர் தூரத்தில் அதன் குரல் 90 டெசிபெல் வரை போகும். எனவே சத்தத்தை வைத்து எத்தனை இருக்கின்றன, எவ்வளவு பெரியவை என்று கணக்குப் போட முடியாது.

இன்னொன்று, குழாயும் கால்வாயும் சத்தத்தைப் பெருக்கும். தைவானில் ஒரு மரத்தவளை இனம் கான்கிரீட் வடிகாலுக்குள் உட்கார்ந்து கத்தும்போது குரல் வெளியே இருப்பதைவிட உரக்கவும் நீளமாகவும் கேட்கிறது என்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஒரே ஒரு தவளை சுவரையே அதிர வைக்கிறது என்றால் கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயைப் பாருங்கள். குழாயின் அடிவாயில் வலை கட்டினால் அதே தவளை தோட்டத்துக்குப் போய்க் கத்தும். உங்களுக்குப் பாதி சத்தம்தான் கேட்கும். தண்ணீர் தேங்கும் தட்டுகளைப் படுக்கையறை ஜன்னல் பக்கத்திலிருந்து தோட்டத்தின் மறுகோடிக்கு மாற்றினாலும் கூட்டம் அங்கே நகரும். அந்தச் சில இரவுகளுக்கு ஃபேன் சத்தமோ காதடைப்பானோ போதும்.

அறிகுறி: தரையில் கரிய எச்சம்

நுனியில் வெள்ளைப் பொட்டு இருந்தால் பல்லி. வெள்ளையே இல்லாமல், கொழகொழப்பாக இருந்து காய்ந்து, உடைத்தால் வண்டுச் சிறகு மினுமினுத்தால் தவளை அல்லது தேரை. உடம்பின் அளவுக்குப் பொருந்தாத பெரிய எச்சம் தேரையுடையது, எலி என்று பயப்பட வேண்டாம். தண்ணீர் தெளித்து ஊறவிட்டுத் துடைத்து, கையைச் சோப்பால் கழுவுங்கள். தவளையின் மேலும் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். சமையல் மேடையில் நடந்திருந்தால் மேடையையும் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். மரு வருமோ என்ற பயம் தேவையே இல்லை, மருவுக்குக் காரணம் மனிதர்களிடையே பரவும் ஒரு வைரஸ்.

அறிகுறி: அலமாரிக்குப் பின்னால் காய்ந்து சுருங்கிய தவளை

வழிதவறி உள்ளே வந்தது வெளியேறத் தெரியாமல் வறண்டுபோயிருக்கிறது. அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் தட்டில் மழைநீரையோ ஒரு நாள் திறந்து வைத்த குழாய் நீரையோ அரை சென்டிமீட்டர் ஊற்றி, மூக்கு மேலே இருக்கும்படி அதில் உட்கார வையுங்கள். ஒட்டியிருக்கும் தூசியும் முடியும் ஊறியதும் தானே கழன்று வரும், பிய்க்காதீர்கள். தேறியதும் இருட்டிய பிறகு செடிக்கடியில் விடுங்கள்.

அறிகுறி: மோட்டார் ஓடவில்லை, ஏசி நின்றுவிட்டது

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளும் ஏசியின் வெளி யூனிட்டுக்குள்ளும் பகலில் ஒளியப் போன தவளை இரண்டு முனைகளை இணைத்து ஷார்ட் ஆக்கியிருக்கலாம். மெயினை அணைக்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள். பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சரிசெய்த பிறகு வயர் நுழையும் ஓட்டையைச் சிலிக்கானால் அடைக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: நாய் வாயில் நுரை தள்ளுகிறது

தேரையைக் கவ்வியிருக்கும். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் புடைப்புகளில்தான் நஞ்சு. உடனே நாயின் தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, வாயின் பக்கவாட்டில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தொண்டைக்குள் போகக் கூடாது. ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் பலமுறை துடையுங்கள். தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, ஈறு ரொம்பச் சிவந்திருந்தாலோ தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். சில இனங்களின் நஞ்சு நாயைக் கொல்லும் அளவுக்குக் கடுமையானது. குழந்தை தொட்டிருந்தால் கண்ணைத் தேய்க்கும் முன் கையைக் கழுவிவிடுங்கள்.

அறிகுறி: தவளையைத் தேடிப் பாம்பு

பல பாம்புகளுக்குத் தவளை முக்கியமான இரை, அதனால் இது வெறும் பயம் இல்லை. சுவரை ஒட்டி அடுக்கிய செங்கல், விறகு, ஓடு, குப்பை எல்லாவற்றையும் வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள். இரண்டுக்கும் ஒளிவிடம் அதுதான். இரவில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் இறங்க வேண்டாம். பாம்பை நீங்களே பிடிக்க முயல வேண்டாம்.

உப்பும் பிளீச்சிங்கும் பற்றி

உப்பு, வினிகர், பிளீச்சிங், காப்பித்தூள் என்று நிறையப் பரிந்துரைகள் உலவுகின்றன. தவளை தோலால் நீரை உறிஞ்சுகிறது, தோலாலும் மூச்சு விடுகிறது. உப்பு அதன் உடம்பிலிருந்து நீரை வெளியே இழுத்துத் துடிதுடிக்க வைத்துக் கொல்கிறது, அமிலமும் பிளீச்சிங்கும் தோலை எரிக்கின்றன. செடியும் மண்ணும் கெடும். அடுத்த மழைக்குப் புதுத் தவளை வந்துவிடும், ஏனென்றால் தண்ணீரும் விளக்கும் அப்படியேதான் இருக்கின்றன. பூச்சிமருந்து அடிப்பதும் இதே கொடுமைதான், நேரடியாக இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

வாளியில் பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விடுவதும் வேண்டாம். சில திரும்பி வந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து நோய். உலகம் முழுக்கத் தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை, 1990-களின் இறுதியில் கண்டறியப்பட்டது, ஈரத்தோலோடும் தண்ணீரோடும் இடம் மாறிப் பரவும். பிடித்ததை உங்கள் தோட்டத்துக்குள்ளேயே விடுங்கள்.

எல்லாம் செய்தும் மாதக்கணக்கில் குறையவில்லை என்றால்

பக்கத்து மனையில் மூடாத தொட்டியோ பாசி பிடித்த நீச்சல் குளமோ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் அங்கே கிடைக்கும். அதுவும் இல்லை, தவளையும் இதுவரை பார்த்திராத மாதிரி இருக்கிறது என்றால், வெளியிலிருந்து வந்து பெருகும் இனமாக இருக்கலாம். மேலிருந்து, பக்கவாட்டில், அடிவயிறு தெரியும்படி மூன்று படம் எடுங்கள். இரவில் அதன் குரலைக் கைபேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். இவற்றை வனத்துறைக்கோ அருகில் உள்ள விலங்கியல் துறைக்கோ அனுப்பிப் பதில் வரும்வரை எதையும் கொல்லாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 1935-ல் கொண்டுவந்து விடப்பட்ட கரும்புத் தேரை என்று நினைத்து உள்நாட்டுத் தவளைகளையே மக்கள் கொன்றுவிடுவது இன்னமும் நடக்கிறது. குட்டியாக இருக்கும்போது இரண்டையும் பிரித்தறியப் பழகிய கண் வேண்டும்.